ஐபோனில் பாதி மறைந்த பொத்தான்

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். கணினியில் எல்லா உலாவிகளிலும் ஒழுங்காகத் தெரிந்தது. முதலாளியின் ஐபோனில் மட்டும் 'கொள்வனவு செய்க' பொத்தான் அடியில் பாதி மறைந்திருந்தது. "தம்பி, காசு வாங்குகிற இடத்தையே காணவில்லையே!" என்றார். குரோமில் திறந்து பாருங்கள் என்று தப்பிக்கவும் வழியில்லை. இங்கே ஐபோன் குரோமுக்குள் ஓடுவதும் சஃபாரியின் வெப்கிட்தான், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் அதே இயந்திரம்தான். பெயர்ப்பலகை மட்டும் வேறு.

காரணம், பக்கத்தின் உயரத்துக்குக் கொடுத்திருந்த '100 வி.எச்.' (100vh) அளவு, அதாவது திரையின் முழு உயரம். கைபேசிச் சஃபாரி இதை முகவரிப் பட்டை சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரமாகவே கணக்கிடுகிறது. பட்டை விரிந்ததும் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். நிரலில் அந்த அளவைக் கொடுத்த வரிக்குக் கீழே '100 டி.வி.எச்.' (100dvh) என்று இன்னொரு வரி சேர்த்தேன். பட்டைக்கு ஏற்ப மாறும் இந்த அலகு 2022இல் சஃபாரி 15.4, குரோம் 108 பதிப்புகளில் வந்தது. பழைய உலாவி புரியாத வரியை விட்டுவிட்டு முதல் வரியை எடுத்துக்கொள்ளும். ஆகவே வரிசை மாறக்கூடாது.

ஆண்ட்ராய்டில் வேறு தொல்லை: தமிழ்ச் சொல் இரண்டு வரியாக மடிந்து, பொத்தானுக்குள் வெட்டுப்பட்டது. ஆங்கிலச் சொல்லை வைத்தே பொத்தானை அளப்பது நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். நிலையான உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுத்தேன். வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்காக வைத்தேன்.

தொலைபேசி எண் பெட்டியைத் தொட்டதும் ஐபோனில் பக்கம் தானாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த, பெட்டியின் எழுத்தளவை 14இலிருந்து 16 பிக்செலாக்கியதே போதுமாக இருந்தது.