பிளாக்செயின் சமூகத்தின் நிகழ்ச்சி பட்ஜெட்: வாக்கெடுப்புக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாக்செயின் என்பது பரிவர்த்தனைகளை எல்லோரும் பார்க்கும்படி பதிந்துவைக்கும் பொதுப் பேரேடு. கருவூலம், அதாவது பொதுப் பணம், வைத்திருக்கும் எந்த பிளாக்செயின் சமூகத்திலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நிகழ்ச்சிச் செலவை வைத்துச் சண்டை வரும். கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு சிறு குழு சந்திப்பு நடத்த உலகப் பொதுக் கருவூலத்திடம் பணம் கேட்டால் அந்தச் சண்டைக்குள் நாமும் வந்துவிடுகிறோம். பெரும்பாலும் விவாதம் ‘எவ்வளவு?’ என்று தொடங்கி, அந்தத் தொகையைக் குறைப்பதிலேயே முடிந்துவிடுகிறது. செலவான பிறகு என்ன கணக்கு திரும்பி வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

போல்காடாட் என்ற பிளாக்செயினை எடுத்துக்கொள்வோம். அங்கே 2023 ஜூனில் ஓப்பன்கவ் என்ற வாக்கெடுப்பு முறை வந்ததிலிருந்து அதன் டோக்கன், அதாவது டிஜிட்டல் நாணயம், வைத்திருப்பவர்களே செலவுகளை வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். 2024-இன் முதல் ஆறு மாதங்களில் கருவூலத்திலிருந்து சுமார் 8.7 கோடி டாலர் செலவானது. அதில் விளம்பரம், நிதியாதரவு, நிகழ்ச்சிகள் என மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 3.7 கோடி டாலர் போனது. இதே வேகத்தில் போனால் கையிருப்பு சுமார் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் வரும் என்று கருவூல அறிக்கை சொன்னதும் பெரிய விவாதம் வெடித்தது. ஆனால் அந்தச் செலவுகள் வாக்கெடுப்பில் வென்று வந்தவைதான். கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகுதான் திகைப்பு வந்தது. ஆண்டு பட்ஜெட் என்ற ஒன்று தேவைப்படுவதே இதற்காகத்தான்.

கொங்கு ஊர்களில் மாரியம்மன் நோன்பு சாட்டுவதற்கு முன் கூடும் ஊர்க் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குடும்பத்துக்கு இவ்வளவு வரி என்று சொல்வதற்குள், “ஏனுங்க, போன வருடக் கணக்கு எங்கே?” என்று கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டுவிடுவார். கணக்கை வாசிக்காமல் அடுத்த வரியைப் பற்றிப் பேச முடியாது. பிளாக்செயின் சமூகங்களில் பரிவர்த்தனை எல்லாம் வெளிப்படையாகப் பதிவாகியிருப்பதால் அந்தக் கேள்வியே தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எத்தனை டோக்கன் போனது என்பது மட்டுமே அந்தப் பதிவில் தெரியும். அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று அது சொல்லாது.

அடுத்த தவறு, பட்ஜெட்டை டோக்கன் எண்ணிக்கையில் போடுவது. ஜனவரியில் ஒரு டோக்கன் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40,000 டோக்கனுக்கு ஒப்புதல் கிடைத்தால் கையில் 20 லட்சம். ஆகஸ்டில் விலை பாதியானால் அதே டோக்கன்களுக்குப் 10 லட்சம்தான் வரும். அரங்கத்துக்காரரோ சமையல்காரரோ பாதித் தொகையை வாங்கிக்கொள்ளப் போவதில்லை. இது வெறும் கற்பனைக் கணக்கும் இல்லை. டேஷ் என்ற டிஜிட்டல் நாணயத்தின் சமூகம் பிளாக் வெகுமதியில், அதாவது புதிதாக உருவாகும் நாணயத்தில், 10 சதவீதத்தை பட்ஜெட்டுக்கு ஒதுக்கிவந்தது. 2017 டிசம்பரில் 1,500 டாலரைத் தொட்ட அந்த நாணயம் ஓராண்டில் 100 டாலருக்கும் கீழே விழுந்தது. டோக்கன் கணக்கில் திட்டம் போட்டவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை ஏறினாலும் சிக்கல்தான்: மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாரும் தானாக முன்வருவதில்லை.

இதில் டிகிரெட் என்ற இன்னொரு நாணயத்தின் சமூகம் கடைப்பிடிக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே முன்மொழிவின் உச்சவரம்பு டாலரில் இருக்கும். வேலை செய்தவர் மாதாமாதம் டாலரில் பில் கொடுப்பார். அந்த மாதத்தின் சராசரி விலைப்படி நாணயமாகப் பணம் போகும். வாக்கெடுப்பு செல்லுபடியாகக் குறைந்தது 20 சதவீத டிக்கெட்டுகள் (நாணயத்தைப் பூட்டிவைத்து வாங்கும் வாக்குச் சீட்டுகள்) பங்கேற்க வேண்டும், அதில் 60 சதவீத ஆதரவு வேண்டும். நாம் ரூபாயில் செலவழிப்பவர்கள் என்பதால் பட்டியலை ரூபாயில் போட்டு, உச்சவரம்பை மட்டும் டாலரில் சொல்வது நல்லது.

இனி டி-சர்ட். நான் பார்த்த எந்த பட்ஜெட் விவாதத்திலும் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். மாநாட்டில் அரங்கு எடுக்கக் கேட்கப்படும் பெருந்தொகையைப் பற்றி இரண்டு பேர் பேசுவார்கள். டி-சர்ட்டின் நிறத்தைப் பற்றி இருபது பேர் பேசுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்பதால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. திருப்பூரை அருகில் வைத்துக்கொண்டு நமக்கு இதில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கருத்து உண்டு. சரி, பேசுவதென்றால் பயனுள்ளதைப் பேசலாம். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள, துணி போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறம் கூடக்கூடச் செலவு கூடும், ஆகவே ஒரே நிறத்தில் அச்சிடுங்கள். எம், எல் அளவுகள் முதலில் தீரும். டபுள் எக்ஸெல் பெட்டி பெட்டியாக மிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டையும் ஊர்ப் பெயரையும் அச்சிடாதீர்கள். மிஞ்சியது அடுத்த ஆண்டு பொள்ளாச்சிக்கோ கரூருக்கோ போகட்டும். இவ்வளவு போதும், டி-சர்ட் பேச்சை மூடிவிட்டு அரங்கத் தொகைக்குப் போகலாம்.

சிங்கப்பூர், துபாய் மாநாடுகளின் விலையை அளவுகோலாக வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு மாலை விருந்துக்கு ஆகும் செலவில் கொங்கு மண்டலப் பொறியியல் கல்லூரிகளில் ஓராண்டு முழுக்கப் பயிற்சி வகுப்பு நடத்தலாம். ஆனால் அதையே காரணமாகக் காட்டி ‘நாங்கள் மலிவு’ என்று வாதாடுவது பலவீனமான வாதம். மலிவாக நடத்தி யாரும் நிலைக்காவிட்டால் அந்தப் பணமும் வீண்தான். பெருமாநாட்டில் ஒரு நிறுவனத்தைக் கூட்டாளியாகப் பிடிப்பது நோக்கம் என்றால் அதன் அளவுகோல் வேறு; பெருந்துறையில் படிக்கும் மாணவர் முதல் நிரல் பங்களிப்பை அனுப்புவது நோக்கம் என்றால் அளவுகோல் வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு, ‘தலைக்கு இவ்வளவு’ என்று வகுத்துக் காட்டும் முன்மொழிவை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். வந்த தலைகளை எண்ணுவது எளிது, மதியச் சாப்பாட்டு இலைகளை எண்ணினால் போதும். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் உருப்படியான எண்.

ஆண்டின் எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே முன்மொழிவில் கட்டி ‘ஆம், இல்லை’ என்று கேட்பதும் ஆபத்து. ஒரே ஒரு பிடிக்காத செலவுக்காக மொத்தமும் தோற்கும், அல்லது ஒரு நல்ல நிகழ்ச்சியின் முதுகில் ஏறி நான்கு வீண் செலவுகள் உள்ளே வந்துவிடும். போல்காடாட்டில் இதற்கு பவுண்டி முறை இருக்கிறது: ஒரு வகை வேலைக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதைச் சிறுசிறு பகுதிகளாகக் கொடுக்கும் பொறுப்பைச் சிலரிடம் ஒப்படைக்கிறார்கள். நம் அளவில், உறுதியான நிகழ்ச்சிகளுக்கு ஒரு தொகை, பின்னால் வருவதற்கு ஒரு சிறு இருப்பு என்று பிரித்தாலே போதும். அந்த இருப்பை எடுக்கப் பலர் சேர்ந்து ஒப்பமிட வேண்டிய டிஜிட்டல் சாவிகளை வைத்திருப்பவர்கள் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் அது கூட்டுக் கையெழுத்து என்று பெயருக்குத்தான். நிகழ்ச்சி நடத்தும் ஒப்பந்தக்காரர் முன்மொழிபவரின் உறவினரா என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கொங்கில் யாருக்கு யார் உறவு என்பது எப்படியும் வெளியே வந்துவிடும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் பட்ஜெட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் நவம்பர்–டிசம்பரும் ஏப்ரல்–மே மாதங்களும் தேர்வுக் காலம். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் சொன்ன வாடகைதான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபக்காரர் பேரம் பேச உட்காருவார்; கோவையில் அப்போது காற்றும் இதமாக இருக்கும். எந்த மாதமானாலும் வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விலைப்புள்ளியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் தொகையை எழுதிவிட்டு, பிறகு கூடுதல் நிதி கேட்டு வருவது நல்ல பெயரைக் கெடுக்கும்.

வரியைப் பற்றி விவாதத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, வெளிநாட்டில் வாக்களிப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் டோக்கன் போன்ற மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ். ஒரு டோக்கனில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. நிகழ்ச்சிப் பணம் ஒரு தன்னார்வலரின் வாலட்டுக்கு (டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பணப்பைக்கு) வந்து, அவர் பெயரில் விற்று, அவர் வங்கிக் கணக்கில் விழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அறிமுகமில்லாத ஒருவருக்கு நேரடியாக விற்று வாங்கிய பணத்தில் மோசடிப் பணம் கலந்திருந்தால் கணக்கே முடக்கப்படலாம். சங்கமாகப் பதிவுசெய்து வாங்கலாம் என்றால், வெளிநாட்டு நன்கொடைக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே ஆடிட்டர் கட்டணத்தையும் பட்டியலில் ஒரு செலவாகச் சேர்த்துவிடுங்கள். அதை வீண்செலவு என்று வெட்டச் சொல்பவரிடம், உங்கள் பெயரில் வாங்கித் தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்து ஒப்புதல் கேட்பது வாக்காளரை மிரட்டுவதற்குச் சமம். நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பாவது முன்மொழிவு வெளியே வரட்டும். அதிலேயே, நிகழ்ச்சி முடிந்து முப்பது நாளுக்குள் எந்தெந்த பில்கள் வெளியிடப்படும், மிச்சம் எந்த முகவரிக்குத் திரும்பும், அறிக்கை வராவிட்டால் இரண்டாம் தவணை நிற்கும் என்று எழுதிவிடுங்கள். இந்த மூன்று வரிகள் இருக்கும் முன்மொழிவில் தொகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் ஆதரித்து வாக்களிப்பேன்.