மஞ்சளைத் தரம் பிரிப்பதுபோல்: ஆங்கிலத்தில் வகைப்படுத்தி எழுதும் முறை

ஈரோட்டு மண்டிக்கு வரும் மஞ்சளை விரலி, கிழங்கு எனப் பிரித்து விலை பேசுவது கொங்கு நாட்டில் பழகிய காட்சி. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது நம் மாணவர் பலர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். 'இரண்டாகப் பிரிக்கலாம்', 'விரலியாகக் கருதலாம்' என இரண்டுக்கும் தமிழில் 'ஆக' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அப்படியன்று. முழுத் தொகுதியைப் பகுக்கும்போது 'டிவைடட் இன்டூ' அல்லது 'கிளாசிஃபைடு இன்டூ' என்றும், தனிப்பொருளுக்கு வகைப்பெயர் சூட்டும்போது 'கிளாசிஃபைடு ஆஸ்' என்றும் எழுத வேண்டும். ஆகவே குவியலில் கிடக்கும் மஞ்சள் 'இஸ் டிவைடட் இன்டூ டூ டைப்ஸ்'. அதிலிருந்து கையில் எடுத்த நீண்ட துண்டோ 'இஸ் கிளாசிஃபைடு ஆஸ் ஃபிங்கர் டர்மரிக்'. 'டிவைடட் ஆஸ் டூ' என்பது பிழை.

பிரிப்பவரைச் சுட்டாமல், பொருள்கள் தாமே வகைகளில் அடங்குவதாகச் சொல்ல 'ஃபால் இன்டூ' உதவும். எளிமையும் இயல்பும் கூடிய இத்தொடரையே நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன்; ஆனால் இதைச் செயப்பாட்டு வினையாக்கி 'ஆர் ஃபாலன் இன்டூ' என்று எழுதக் கூடாது.

பிரிப்பின் அடிப்படையைக் காட்ட 'அக்கார்டிங் டு' அல்லது 'பை' சேர்க்கவும்: திருப்பூர்ப் பனியன்களை அளவுவாரியாக அடுக்கினால் 'சார்ட்டட் பை சைஸ்'. அளவையும் நிறத்தையும் ஒரே அடுக்கில் கலந்தால், சிவப்புப் பனியனும் பெரிய பனியனும் தனித்தனி வகையாகி, பெரிய சிவப்புப் பனியனுக்கு இடம் குழம்பும்.

உறுப்புகளை அடுக்கிச் சொல்லும்போது 'கன்சிஸ்ட்' என்பதற்குப் பின் 'ஆஃப்' வரும். 'கம்ப்ரைஸ்' என்பதற்குப் பின் வராது.