விற்றுவிட்ட பத்மினியைத் திரும்ப வாங்குவது எப்படி

எங்கள் வீட்டுக் காரை 1997-இல் அப்பா விற்றபோது, வாங்கியவர் தெருமுனையில் திரும்பி மறையும் வரை அம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தார். ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி என்று இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அது ஃபியட்தான். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய் குர்லா ஆலையிலிருந்து வந்து, 1970-களில் பத்மினி என்று பெயர் மாறி, ஏறத்தாழ 2000 வரை அதிக மாற்றமில்லாமல் உற்பத்தியான அந்த வண்டியை விற்றுவிட்டு, இன்று அதையே, அல்லது அதைப் போன்ற ஒன்றையாவது, மீண்டும் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் ஏராளம். நானும் அப்படித் தேடி, முதல் முறை ஏமாந்து, இரண்டாம் முறை நல்ல வண்டியை வாங்கினேன். அதில் கற்றது ஒன்றுதான்: பழைய பத்மினி வாங்கும்போது முதலில் காகிதத்தைப் பாருங்கள், அடுத்துத் தகரத்தைப் பாருங்கள், இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துதான் பணத்தை இழக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நின்ற அதே வண்டிதான் வேண்டுமென்றால் பதிவு எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். எண் நினைவில் இல்லாவிட்டால் பழைய இன்சூரன்ஸ் பாலிசி, வரி ரசீது, கல்யாண ஆல்பம் ஆகியவற்றைத் தேடுங்கள். எங்கள் வண்டியின் எண் எனக்குக் கிடைத்தது, அக்காவின் திருமணத்தன்று மாலை போட்டு நிறுத்தியிருந்த காரின் புகைப்படத்திலிருந்துதான். டி.என். 01 போன்ற எண்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்த பிறகே வழங்கப்பட்டன. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மூன்று ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து எண்களும் இருக்கும். அரசின் எம்-பரிவாகன் செயலியில் எண்ணைக் கொடுத்தால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும், ஆனால் உரிமையாளர் பெயரின் பெரும்பகுதி மறைக்கப்பட்டிருக்கும். பழைய பதிவுகள் பல கணினியில் ஏற்றப்படாமலும் இருப்பதால், செயலியில் கிடைக்கவில்லை என்பதற்காக வண்டியே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள்; அப்பா யாருக்கு விற்றார், அவர் யாருக்கு விற்றார் என்று ஆள் ஆளாகவும் விசாரியுங்கள். எங்கள் வண்டி இரண்டு கை மாறிக் கடைசியில் காயலான் கடைக்குப் போய்விட்டது என்று அந்த ஊர் மெக்கானிக் ஒருவர் சொன்னபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தேடியது வீண் என்று நான் நினைக்கவில்லை, தெரியாமலே இருப்பதைவிட அது மேல்.

அதே வண்டி கிடைக்காதபோது அதே மாதிரியைத் தேட வேண்டியதுதான். பிடித்த வண்டி கண்ணில் பட்டதும் விலை பேசத் தொடங்காமல் ஆர்.சி.யைக் கேளுங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) பெற்று ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைக் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். எனவே பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்ட வண்டி மலிவாகக் கிடைத்தால், அந்தப் பாக்கிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுவது நல்லது. இன்ஜின் மாற்றிய வண்டியாக இருந்து, அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால், விற்பவர் அதைச் சரிசெய்து தந்த பிறகே முன்பணம் கொடுங்கள். வெளி மாநில வண்டிக்கு என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கட்டாயம். பதிவு ஆவணத்தில் பெயர் உள்ளவரே நேரில் வந்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன் கையெழுத்துப் போடுவார் என்றால், வாரிசு பெயருக்கு மாற்றம் முடியும் வரை காத்திருங்கள்.

முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. வி.ஏ. என்ற எழுத்துகளோடு பத்தாண்டுப் பதிவு, கட்டணம் 20,000 ரூபாய், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். 1970-களின் நடுவில் வந்த பத்மினிகள் இப்போதுதான் இந்த வயதை எட்டுகின்றன. ஆனால் இந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே எடுத்துச் செல்லலாம். குழந்தைகளைப் பள்ளியில் விடவும் கோயிலுக்குப் போகவும் வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தகரம். பத்மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலும் சேஸிஸும் ஒன்றாகவே கட்டப்பட்டவை, ஆகவே துரு வெறும் அழகுக் குறை அல்ல, வண்டியின் எலும்பையே தின்னும். நான் முதலில் பார்த்த வண்டி புதுப் பெயின்டில் பளபளத்தது, இன்ஜினும் ஒரே சாவியில் பற்றியது. விற்ற இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஓட்டுநர் பக்கம் கால் வைக்கும் இடத்தில் நொறுநொறுவென்று சத்தம் கேட்டு விரிப்பை விலக்கினால், உள்ளங்கை அளவு ஓட்டை வழியாகத் தார்ச்சாலை தெரிந்தது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்த இடங்கள் மேலும் நான்கு இருந்தன. தகர வேலைக்கு ஆன செலவில் இன்ஜினை இரண்டு முறை பிரித்துக் கட்டியிருக்கலாம்.

அதனால் சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். நல்ல தகரத்தில் அது ஒட்டும், கனமாகப் பட்டி அடைத்த இடத்தில் வழுக்கி விழும். கதவுகளின் அடி ஓரம், வாசற்படியின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகள், பேட்டரி வைக்கும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகிய இடங்களில் பொறுமையாக வைத்துப் பாருங்கள். ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவு முன்போல் மூடாமல் இடித்தால் அடிப்பாகம் பலமிழந்துவிட்டது என்று பொருள், அதை வாங்கவே வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியில் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கோவை, மதுரைப் பக்கத்து வண்டிகள் சென்னை வண்டிகளைவிடப் பெரும்பாலும் தகரத்தில் தேறும் என்பது என் அனுபவம்.

இன்ஜின் விஷயம் சுருக்கம். 1089 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டர்: எளிய இயந்திரம், கைதேர்ந்த பழைய மெக்கானிக் யாராலும் சரிசெய்ய முடியும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சென்று உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் மாற்றும் வேலை இருக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியரை நான்கு இடங்களிலும் போட்டுப் பாருங்கள். விழாமல் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இணைப்புத் தண்டுகளின் தேய்மானமே காரணம், கியர் பாக்ஸ் அல்ல. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் என்பதால் இன்றைய வண்டியைப் போல் சட்டென்று நிற்காது. ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

உதிரிப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இன்னும் கைகொடுக்கிறது. இன்ஜின் பாகங்களைவிடக் கதவுக் கைப்பிடி, கிரில், கண்ணாடி ரப்பர் போன்றவை கிடைப்பதுதான் கடினம், ஆகவே அவை முழுமையாக உள்ள வண்டிக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை இளக்கிவிடும். கசியும் சொட்டு சூடான இன்ஜின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்று வண்டி அணைந்து, மீண்டும் பற்ற மறுத்தால் பதற வேண்டாம்: சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து, நனைத்த பருத்தித் துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். அப்பா அதற்காகவே ஒரு கிழிந்த வேட்டித் துண்டை முன் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருப்பார். என் வண்டியிலும் இப்போது அதே இடத்தில் ஒன்று இருக்கிறது.