கடைசல் மரத்தில் அரக்கு ஏற்றுவது எப்படி?

கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளின் பளபளப்பு தூரிகையால் வருவதல்ல. கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். உளி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

மரம். வெட்பாலைதான் சிறந்தது. வெளிறிய நிறம், நெருக்கமான இழை. அரக்குப் பொம்மைகளுக்குப் பேர்போன ஆந்திர ஊரான ஏட்டிகொப்பாக்காவிலும் இதே மரம்தான். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே கடையுங்கள். ஈர மரம் பின்னால் சுருங்கும்போது பூச்சு வெடித்து உதிரும்.

குச்சி. அரக்கு 75 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். மெல்லிய கரி அனலில் காட்டி, நிறப்பொடி தூவி, இழுத்து மடித்து, மறுபடி இழுத்துப் பிசையுங்கள். நெடுநேரம் சூடாக்கினால் ரப்பர் போல இறுகிவிடும். அதை மீட்க வழியில்லை. பொடி அதிகமானால் பளபளப்பு போய்விடும். சாதாரண அரக்கின் பழுப்பு நீலத்தைப் பச்சையாக்கும் என்பதால், வெளிர் நிறங்களுக்குத் தெளிந்த அரக்கே வாங்குங்கள். மஞ்சள்பொடி நிறம் அழகுதான், ஆனால் வெயிலில் வெளுக்கும்.

தேய்ப்பு. 80, 120, 220 எண் உப்புத்தாள்கள், இதே வரிசையில். எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், அரக்கு ஒட்டாது.

ஏற்றுதல். பலரும் தடுமாறும் இடம் இதுதான். குச்சி திட்டுத்திட்டாக ஒட்டினால் சூடு போதவில்லை என்று பொருள், வேகத்தைக் கூட்டுங்கள். ஒல்லியான உருப்படியின் மேற்பரப்பு மெதுவாகவே நகரும், அதற்கு இன்னும் வேகம் வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் அரக்கு உருண்டு திரளும், கருகவும் செய்யும். குச்சியை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் முன்கூட்டியே உளி முனையால் ஒரு காடி (மெல்லிய பள்ளம்) போட்டுவிட்டால் நிறம் கலக்காது. வெளிர் நிறத்தை முதலில் ஏற்றுங்கள்.

மெருகு. தாழை ஓலைக்கு ஈடாக எதையும் நான் ஏற்கமாட்டேன். விளிம்பிலும் நடுநரம்பின் அடியிலும் உள்ள முள்ளைச் சீவிவிட்டு, மடித்து, சுழலும் மரத்தில் அழுத்துங்கள். அரக்கு மீண்டும் இளகிச் சமமாகப் பரவும். ஓலையில் நிறம் தங்கும், ஆகவே நிறத்துக்கொரு ஓலை. துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தேய்க்கவே கூடாது; எந்திரம் துணியோடு விரலையும் இழுத்துவிடும்.

முடிந்த பொருளை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும்.