பேசிக்கில் சாயாத விமானம்
தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்துக்கு 13 தளம், அதனால் 13 வரியில் அதைத் திரையில் கொண்டுவந்துவிடலாம் என்று கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் பேசிக் நிரல்மொழியில் ஒவ்வொரு வரிக்கும் பிரிண்ட் (திரையில் எழுதும் கட்டளை) போட்டு, இடைவெளியை விரல்விட்டு எண்ணி அடித்தேன். ஏழாவது வரியில் ஒன்று குறைந்து விமானம் சாய்ந்துவிட்டது. எண்ணவே வேண்டாம்.

கியூபேசிக் (பேசிக்கில் ஒரு வகை) திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, நடுவை 40 என்று வையுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பை 1 முதல் 13 வரை ஓட்டுங்கள். வரி எண்ணை 'வ' என்று கொண்டால் (நிரலில் ஆங்கில எழுத்துதான்) பிரிண்டுக்குப் பின் டேப்(41 - வ), ஓர் அரைப்புள்ளி, அப்புறம் ஸ்ட்ரிங்$(2 * வ - 1, "*"). டேப் எந்த இடத்தில் தொடங்குவது என்று சொல்லும், ஸ்ட்ரிங்$ ஒரே எழுத்தை அத்தனை தடவை அடிக்கும். உச்சியில் ஒரு நட்சத்திரம், அடியில் 25. அரைப்புள்ளிக்குப் பதில் கமா போட்டால் 14 எழுத்து அகலமுள்ள அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும், கோபுரம் காவிரியில்தான் போய் விழும்!

நட்சத்திரம் பிடிக்கவில்லையா, அந்த இடத்தில் மேற்கோள்குறி இல்லாமல் 219 என்று கொடுங்கள் (அது நிரம்பிய கட்டத்தின் குறியீட்டு எண்), செங்கல் வைத்த மாதிரி கட்டி கட்டியாக வரும்.

மார்கழிக் கோலம் போல வைர வடிவம் வேண்டுமென்றால் லூப்பை -6 முதல் 6 வரை ஓட்டி, ஏபிஎஸ்(வ), அதாவது கழித்தல் குறி நீங்கிய 'வ', எடுத்துக்கொள்ளுங்கள்: டேப் 34 + அது, எண்ணிக்கை 13 - 2 * அது. மேலே ஒன்று, நடுவில் 13, கீழே மறுபடி ஒன்று. திரையில் வேறு இடத்தில் வைக்க லொக்கேட் இருக்கிறது, அதில் வரிதான் முதலில், பத்தி (வரியில் எத்தனையாவது எழுத்திடம்) அடுத்தது. நான் இன்னமும் மாற்றித்தான் போடுகிறேன்.