கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறீர்களா?

ஸ்க்ரூவின் தலை மழுங்கிப் போனால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மெஷினின் முனையில் மாட்டும் பிட் பொருந்தாததுதான் காரணம். வீட்டில் புழங்கும் ஸ்டார் ஸ்க்ரூக்களில் பலவற்றுக்கு பிஎச்2 (PH2) என்ற அளவு பிட் சரியாக உட்காரும், சின்னதுக்கு பிஎச்1. பிட்டை வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் உடனே மாற்றிவிடுங்கள்.

முதல் இரண்டு சுற்றைக் கையால் திருகிவிட்டு, அப்புறம் மெஷினை நேராக அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். முன்பக்க வளையத்தில் இறுக்கத்தின் அளவைக் குறிக்கும் எண்கள் இருந்தால் சின்ன எண்ணில் ஆரம்பிப்பது நல்லது. அந்த அளவுக்கு இறுகியதும் கடகடவென்று சத்தம் வரும், பிட் மேற்கொண்டு சுற்றாது. கெட்டியான மரம் என்றால் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள், பிளக்காது.

சுவிட்ச் போர்டில் கை வைக்குமுன் மெயினைக் கட்டாயம் அணையுங்கள். அதன் பிளாஸ்டிக் மூடி சுலபமாக விரிசல் விடும் என்பதால் கடைசிச் சுற்றைக் கையாலேயே இறுக்குங்கள்.