விஆர் (ஹெட்செட் மாட்டி நுழையும் மெய்நிகர் உலகம்) விளையாட்டு நாவலில் வில்லனை நாயகனாக்குவது எப்படி?

கதையைத் தொடுவதற்கு முன் விளையாட்டின் விதிகளை ஒரு நோட்டில் எழுதி முடியுங்கள். செத்தால் அனுபவப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போகும் என்றால் கடைசி அத்தியாயம்வரை அதேதான். நாயகனுக்காக விதியை வளைத்தால் வாசகர் அங்கேயே இறங்கிவிடுவார்.

விளையாட்டின் உலகம் காவிரி டெல்டா என்றால், வில்லத்தனத்துக்கு வாள் எதற்கு? தண்ணீர் போதும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் இடத்தின் மதகுகளை உங்கள் வில்லன் பிடிக்கட்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ சீசன் தொடக்கமாக வையுங்கள். குறுவைக்குச் சுமார் 110 நாள். முறை வைத்து விடுவதாகச் சொல்லிக்கொண்டே கடைமடையைக் காயவிட்டால், ஒரு சண்டையும் இல்லாமல் அங்குள்ள கில்டுகள் (ஆட்டக்காரர் குழுக்கள்) காலில் விழும். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறுவது கூடுதல் அடி.

அவனுக்கு நியாயம் கொடுங்கள், மன்னிப்பு கொடுக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பாதியிலேயே நல்லவனாக்கிவிடுவார்கள்.

பாத்திரத்தின் நிலை, பலம், புள்ளிகளைக் காட்டும் ஸ்டேட்டஸ் பலகை நாலு வரிக்குள் இருக்கட்டும்.

ஹெட்செட்டுக்கு வெளியே அவன் மன்னார்குடி உரக்கடையில் கணக்கு எழுதுபவன் என்று வைத்தால், எந்த ஊர் வயலுக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. தனியாக விளக்க வேண்டியதில்லை.